நாள்பட்ட அசீரணம்: உணவு செரிக்கிறது, வயிறுதான் இடங்கொடுப்பதில்லை

எண்டோஸ்கோபி அறிக்கையை வாங்கிக்கொண்டு வெளியே வருகிற சிலரின் முகத்தில் நிம்மதிக்குப் பதிலாக ஏமாற்றம் தெரியும். உணவுக்குழாய் இயல்பு, இரைப்பை இயல்பு, முன்சிறுகுடல் இயல்பு என்று அதில் எழுதியிருக்கும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு கல்லாகக் கனக்கிறது, மேல்வயிறு எரிகிறது என்று ஏழெட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அந்த மூன்று வரிகள் நல்ல செய்தியாகப் படுவதில்லை. தன் வேதனையை யாரோ பொய்யென்று தள்ளிவிட்டதாகவே படுகிறது. தீராத அசீரணத்துக்காக எண்டோஸ்கோபி செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழெட்டுப் பேருக்கு அறிக்கை இப்படித்தான் வருகிறது. புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை, தொல்லை மட்டும் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று விளக்காமல் மருந்துச் சீட்டை மட்டும் நீட்டும்போதுதான், நோயாளி அடுத்த மருத்துவரைத் தேடிப் போகிறார்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. அசீரணம் என்றால் செரிக்காமை. ஆனால் நாள்பட்ட அசீரணத்தால் அவதிப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு உணவு ஒழுங்காகவே செரிக்கிறது. சத்துகள் உடலில் சேருகின்றன. உண்மையிலேயே செரிக்காமல் போனால் அதன் அடையாளங்கள் வேறு: கணையம் நொதிகளைச் சுரக்காதபோது மலம் எண்ணெய்ப் பசையோடு போகும், எடை குறையும், சத்துக் குறைபாடுகள் தலைகாட்டும். பேச்சு வழக்கில் நாம் எல்லா வயிற்றுத் தொல்லைக்கும் ‘அல்சர்’ அல்லது ‘கேஸ்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். அவை வசதியான சொற்கள்தான்; ஆனால் இல்லாத புண்ணுக்கு மருந்து தேடவும், அளவில் கூடாத வாயுவைக் குறைக்க முயலவும் அவை தூண்டுகின்றன.

மருத்துவ உலகம் இதற்குச் செயல்சார் அசீரணம் என்று பெயரிட்டிருக்கிறது. உறுப்பின் அமைப்பில் பழுது இல்லை, அது வேலை செய்யும் விதத்திலும் உணரும் விதத்திலும் கோளாறு இருக்கிறது என்பது இதன் பொருள். இத்தகைய செயல்சார் கோளாறுகளுக்குப் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்து 2016-இல் வெளியான நான்காம் ரோம் வரையறை, சாப்பிட்ட பின் தொல்லை தரும் அளவுக்கு வயிறு நிரம்பியிருப்பது, வழக்கமான அளவைச் சாப்பிட்டு முடிக்கும் முன்பே போதுமென்றாகிவிடுவது, மேல்வயிற்று வலி, மேல்வயிற்று எரிச்சல் ஆகிய நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. அது தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று மாதமாகத் தொடர்ந்திருக்க வேண்டும். அதை விளக்கும் வேறு நோய் எதுவும் பரிசோதனையில் தென்பட்டிருக்கக் கூடாது. முதல் இரண்டும் உணவோடு ஒட்டி வருபவை, பின்னிரண்டும் உணவோடு தொடர்பில்லாமலும் வருபவை என்பதால் இவர்களை இரண்டு பிரிவாகப் பார்க்கிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டும் கலந்து வருவதும் சாதாரணம்.

இதைப் புரிந்துகொள்ள, கோளாறில்லாத ஒரு வயிற்றில் ஒருவேளைச் சாப்பாடு என்ன ஆகிறது என்று பார்ப்பது நல்லது. வெறும் வயிற்றில் இரைப்பை சுருங்கிக் கிடக்கும். அப்போது அதன் கொள்ளளவு நூறு மில்லிலிட்டருக்கும் குறைவு. முதல் சில கவளங்கள் இறங்கும்போதே அதன் மேற்பகுதி, மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக வரும் சைகையை ஏற்றுத் தளர்ந்து, உள்ளே அழுத்தம் ஏறாமலேயே ஒரு லிட்டரோ அதற்கு மேலோ கொள்ளும் அளவுக்கு விரிந்து கொடுக்கிறது. வருகிற விருந்தாளிகளுக்காகக் கூடத்தில் கிடப்பவற்றை ஒதுக்கி இடம் பண்ணுவதைப் போன்றது இது. கீழ்ப்பகுதியின் வேலை வேறு. அங்கே நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று தடவை அலைபோல ஓடும் தசைச் சுருக்கம், உணவை, மூடியிருக்கும் இரைப்பையின் கீழ்வாசல் மீது மோதித் திருப்பி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துகளாகும்வரை அரைக்கிறது. அரைபட்டது மட்டும் கொஞ்சங்கொஞ்சமாக முன்சிறுகுடலுக்குள் போகிறது. எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்பதை முடிவு செய்வது முன்சிறுகுடல்தான்: கொழுப்பு வந்து சேர்ந்தால் அது ஹார்மோன்களைச் சுரந்து, மேலே கொஞ்சம் பொறு என்று இரைப்பைக்குச் சொல்லியனுப்புகிறது. திட உணவில் பாதி வெளியேற இரண்டு மணி நேரம் போல ஆகும். நான்கு மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெளியேறிவிட வேண்டும். இந்த வேலைகளில் எதையுமே நாம் உணர்வதில்லை என்பதுதான் இதில் வியப்பு.

செயல்சார் அசீரணத்தில் இந்த ஏற்பாட்டின் ஏதேனும் ஒரு கண்ணி, பல நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணிகள், பிசகுகின்றன. பத்தில் நான்கு பேர் அளவில் இரைப்பையின் மேற்பகுதி போதிய அளவு தளர்வதில்லை. உணவு நேராகக் கீழ்ப்பகுதிக்கு இறங்கி அங்கே நெருக்குகிறது. பாதித் தட்டைத் தாண்டும் முன்பே கையை எடுத்துவிடுகிறவர்களிடம் இது அதிகம். நால்வரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரையிலான அளவில் இரைப்பை காலியாவது தாமதமாகிறது. மெல்லிய பலூனை இரைப்பைக்குள் வைத்துக் காற்றடைத்துச் செய்த சோதனைகளில், மற்றவர்கள் கவனிக்காத அழுத்தமே இவர்களில் பலருக்கு வலியாகத் தெரிந்தது. அவர்களுக்குள் இருந்த காற்று கூடுதல் அல்ல, அதைத் தெரிவிக்கும் நரம்புகளின் குரல்தான் உரத்தது. ‘கேஸ்’ என்று நினைத்து ஏப்பம் வரவழைக்க முயலும்போது ஒவ்வொரு முயற்சியிலும் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே போய்ச் சேர்வதும் உண்டு. ஆகவே வலிந்து ஏப்பம் விடுவது ஆறுதல் தருவதை விடத் தொல்லையை நீட்டிப்பதே அதிகம்.

அண்மைக் காலத்தில் ஆய்வாளர்களின் கவனம் இரைப்பையிலிருந்து அதன் வாசலுக்கு அப்பால் உள்ள முன்சிறுகுடலுக்கு நகர்ந்திருக்கிறது. எண்டோஸ்கோபியில் வழவழப்பாகத் தெரியும் அதன் உட்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால், செயல்சார் அசீரணம் உள்ள சிலரிடம் ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் கூடுதலாகத் திரண்டிருப்பது தெரிகிறது. வேண்டாதவை கசிந்து புகாமல் தடுக்கும் சுவரின் திறனும் சற்றுத் தளர்ந்திருக்கிறது. கடுமையான வாந்திபேதி வந்து போன பிறகு சிலருக்கு மாதக்கணக்கில் வயிறு பழையபடி திரும்பாமல் இருப்பதற்கு இது ஒரு விளக்கமாக அமையலாம். இயல்பு என்று எழுதிய அறிக்கை, கண்ணுக்குத் தெரிந்த மட்டில் இயல்பு என்றுதான் சொல்கிறது.

மனநிலைக்கும் வயிற்றுக்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1822-இல் வட அமெரிக்காவின் ஹூரான் ஏரியிலுள்ள மக்கினாக் தீவில் துப்பாக்கி வெடித்து அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிறு கிழிந்தது. உயிர் பிழைத்தாரே தவிர, இரைப்பைக்குள் திறந்த துளை மூடவே இல்லை. அவருக்குச் சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே இறக்கி, குறித்த நேரத்துக்கு ஒருமுறை வெளியே இழுத்து எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தார். அந்தக் குறிப்புகள் 1833-இல் நூலாக வந்தன. செயின்ட் மார்ட்டின் கோபத்தில் இருந்தபோது செரிமானம் தடைப்பட்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். ஆண்டுக்கணக்கில் ஒருவர் தன் வயிற்றுக்குள் நூல் விட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது என்பது வேறு விஷயம். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட சில காலத்திலேயே ஹார்வர்டில் வால்டர் கேனன், எக்ஸ் கதிரில் தெரிவதற்காகப் பிஸ்மத் உப்பு கலந்த உணவைப் பூனைகளுக்குத் தந்து இரைப்பையின் அலைகளைத் திரையில் பார்த்தார். பூனை சீற்றமோ பதற்றமோ அடைந்தபோது அலைகள் அப்படியே நின்றன. அமைதியானதும் மறுபடி தொடங்கின.

இதை வைத்து ‘எல்லாம் மனப்பிரமை’ என்று முடிவு கட்டுவது தவறு. திரையில் நின்றுபோனது அந்தப் பூனையின் கற்பனை அல்ல, அதன் தசை. மூளையிலிருந்து வயிற்றுக்கும் வயிற்றிலிருந்து மூளைக்கும் செய்தி ஓயாமல் போய்வருகிறது. பதற்றம் வயிற்றைக் கெடுப்பதைப் போலவே கெட்ட வயிறும் பதற்றத்தை வளர்க்கிறது. எது முதலில் வந்தது என்ற விசாரணையால் நோயாளிக்குப் பெரிய பயனில்லை.

செயல்சார் அசீரணம் என்று முடிவுக்கு வரும் முன் விலக்க வேண்டியவை சில உண்டு. முதலில் பார்க்க வேண்டியது மாத்திரைப் பெட்டியை. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் எடுக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள், ஆஸ்பிரின், இரும்புச்சத்து மாத்திரை, நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், சில ஆன்டிபயாடிக்குகள், எடையையும் சர்க்கரையையும் குறைக்க இப்போது பரவலாகும் ஊசி மருந்துகள் எல்லாமே மேல்வயிற்றுத் தொல்லையைத் தரவல்லவை. நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிந்து புளிப்பு தொண்டைவரை ஏறினால் அது அமிலம் மேலேறும் நோய். அசீரணத்தோடு கூடவே வரும், ஆனால் தனி நோய். பித்தப்பைக் கல்லின் வலி தினமும் மந்தமாக வருவதில்லை. திடீரெனத் தொடங்கிக் கடுமையாகி அரை மணி நேரமோ சில மணி நேரமோ நீடித்துப் பின் அடங்கும். இதயத்தின் வலியும் அசீரணத்தின் வேடத்தில் வருவதுண்டு. நடந்தாலோ மாடி ஏறினாலோ மேல்வயிறு இறுகி, வியர்வையோ மூச்சுத் திணறலோ கூடினால் அமிலநீக்கி மருந்தைக் குடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது உணவு தடைபடுவது, வாந்தி நிற்காமல் தொடர்வது, வாந்தியில் இரத்தம், தார்போலக் கறுத்த மலம், இரத்தசோகை, வயிற்றில் கட்டி தட்டுப்படுவது, நெருங்கிய உறவினருக்கு இரைப்பைப் புற்று இருந்தது ஆகியவை அபாய அறிகுறிகள் எனக் கருதப்படுகின்றன. இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் அதை எடுப்பவர்கள் வீணாகப் பதறுவதுண்டு; ஆனாலும் சந்தேகத்தின் பலனை மாத்திரைக்குக் கொடுக்காமல் கேட்டுவிடுவதே சரி. அறுபது வயதுக்கு மேல் புதிதாக அசீரணம் தொடங்கினால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் எண்டோஸ்கோபி செய்துவிட வேண்டும் என்பது அமெரிக்க, கனடா வல்லுநர் குழுக்கள் 2017-இல் தந்த பரிந்துரை. இளையவர்களுக்கு, அபாய அறிகுறி இல்லாதபோது, குழாயை விடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒரு கிருமிச் சோதனை.

அந்தக் கிருமி ஹெலிகோபாக்டர் பைலோரி. அமிலக் குளத்தில் எதுவும் உயிர்வாழாது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982-இல் அதை இரைப்பைத் திசுவிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். நம்பாதவர்களுக்காக 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன, திசுச் சோதனை இரைப்பை அழற்சியைக் காட்டியது. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பைப் புண்ணுக்கு இந்தக் கிருமி முக்கியக் காரணம் என்பது நிலைநாட்டப்பட்ட செய்தி. புண்ணில்லாத அசீரணத்தில் அதன் பங்கு அவ்வளவு பெரியதல்ல: கிருமி உள்ளவர்கள் 14 பேருக்குச் சிகிச்சை தந்தால், அதனால் கூடுதலாக ஒருவருக்கு அசீரணம் தீர்கிறது. இது சின்ன எண் போலத் தோன்றலாம். ஆனால் இரண்டு வாரச் சிகிச்சையில் முற்றாகத் தீரக்கூடிய ஒரே வகை இதுதான், புண்ணும் புற்றும் வரும் வாய்ப்பும் கூடவே குறைகிறது என்பதால், முதலில் இதைப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ போதும். அமிலத்தடுப்பு மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும். இந்த விவரத்தைச் சொல்லாமல் சோதனைக்கு அனுப்புவது சாதாரணமாக நடக்கும் பிழை.

கிருமி இல்லை, அல்லது ஒழித்த பிறகும் தொல்லை தீரவில்லை என்றால் அடுத்த படி ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை அமிலத்தடுப்பு மருந்துகளை நான்கு முதல் எட்டு வாரம் எடுத்துப் பார்ப்பது. எரிச்சலும் வலியும் மேலோங்கியவர்களுக்கு இவை உதவக்கூடும். சாப்பிட்டதும் நிரம்பிவிடுகிறது என்பவர்களுக்கு அவ்வளவாக உதவுவதில்லை, ஏனெனில் அவர்களுடைய சிக்கல் அமிலத்தில் இல்லை. இம்மருந்து, இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகளை அவை வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் பூட்டும்; உணவு வரும்போதுதான் அவை முழு வேகத்தில் இயங்கும். ஆகவே உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். தொல்லை வரும்போது மட்டும் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டு ‘மாத்திரை கேட்கவில்லை’ என்று சொல்பவர்கள் ஏராளம்.

பயன் தரவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் பலரும் மறக்கும் பகுதி. 2009-இல் வெளியான ஆய்வொன்றில், எந்த வயிற்றுத் தொல்லையும் இல்லாத 120 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் இம்மருந்தைக் கொடுத்து நிறுத்தினார்கள்; மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். நிறுத்திய பிறகு வந்த வாரங்களில், மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதத்தினருக்கு அமிலத் தொல்லைகள் தோன்றின. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் அது 15 சதவீதம்தான். தடுத்து வைத்த சுரப்பு, தடை நீங்கியதும் ஒரேயடியாகப் பொங்குகிறது. மாத்திரையை விட்டதும் எரிந்தால், ‘இது இல்லாமல் என்னால் முடியாது’ என்று முடிவு செய்துவிடாமல், அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, சில வாரம் பொறுத்துக் குறைப்பதற்கு இதுதான் காரணம்.

இரைப்பையின் அசைவைத் தூண்டும் மருந்துகளும் உண்டு. டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் அதன் அளவையும் காலத்தையும் சுருக்கியது. மெட்டோகுளோபிரமைடு நெடுநாள் எடுத்தால் முகத்திலும் நாக்கிலும் கட்டுப்படாத அசைவுகள் வந்து நிலைத்துவிடக்கூடும். அமிலத்தடுப்போடு டோம்பெரிடோன் சேர்த்த மாத்திரையை மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இன்னொரு மருந்து அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கான பழைய மருந்து இது. இங்கே குறைந்த அளவில், நரம்புகளின் உரத்த குரலைத் தணிப்பதற்காகத் தருகிறார்கள். 2015-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் இதை எடுத்தவர்களில் 53 சதவீதத்தினர் போதிய நிவாரணம் பெற்றார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 40 சதவீதம். எசிடலோபிராம் என்னும் மற்றொரு மனச்சோர்வு மருந்தை எடுத்தவர்களில் 38 சதவீதம். இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. மனச்சோர்வைக் குறைப்பதால் மட்டும் வயிறு சரியாவதில்லை, இல்லாவிட்டால் எசிடலோபிராமும் உதவியிருக்கும். இரண்டாவது, வெறும் மாத்திரைக்கே பத்தில் நான்கு பேருக்கு நிவாரணம் கிடைக்கிறது என்னும்போது, எந்தக் கஷாயத்தையும் எந்தச் சூரணத்தையும் எடுத்து ‘எனக்குக் கேட்டது’ என்று ஒருவர் சொல்வதை நாம் எவ்வளவு நிதானத்தோடு கேட்க வேண்டும் என்பது.

உணவைப் பற்றி எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. அவற்றில் பெரும்பகுதிக்கு உறுதியான சான்று இல்லை. ஓரளவு நம்பத்தக்கது கொழுப்பைப் பற்றியது. முன்சிறுகுடலுக்குள் வரும் கொழுப்பு இரைப்பையின் வேகத்தைக் குறைப்பதோடு அதன் உணர்திறனையும் கூட்டுகிறது. அதிலும் ஒரு நுட்பம்: கொழுப்பு குறைந்த தயிரையே கொழுப்பு மிகுந்தது என்று சொல்லிக் கொடுத்தபோதும் இந்நோயாளிகளுக்குத் தொல்லை கூடியதை ஒரு பரிசோதனை காட்டியது. எதிர்பார்ப்பும் சேர்ந்துதான் வயிற்றுக்குள் போகிறது. இரண்டு பெரிய வேளைகளை நாலைந்து சிறிய வேளைகளாகப் பிரிப்பது, இடம் கொடுக்க மறுக்கும் இரைப்பைக்கு நேரடியாக உதவும். மெதுவாகச் சாப்பிடுவதும், படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் முடித்துக்கொள்வதும், மதுவையும் புகையையும் விடுவதும் முயன்று பார்க்கத் தக்கவை. காரத்தை எல்லோரும் விலக்கச் சொல்வார்கள். உடனடியாக அது எரிச்சலைத் தருவது உண்மைதான்.

எதை விலக்குவது என்பதை ஊகத்துக்கு விடாமல் இரண்டு வாரம் குறித்து வைப்பது மேல். ஒரு வரி போதும்: ‘பகல் 1.30, வழக்கத்தில் பாதி சாப்பாடு, 10 நிமிடத்தில் முடித்தேன், 2 மணிக்கு நிரம்பிய உணர்வு, அலுவலகத்தில் வாக்குவாதம், 4 மணிக்குக் குறைந்தது.’ இப்படிப் பதினான்கு வரிகளைப் பார்க்கும்போது, குற்றம் சாட்டிய உணவு இல்லாத நாட்களிலும் தொல்லை வந்திருப்பதும், அவசரமாக விழுங்கிய நாட்கள் வரிசையாக நிற்பதும் தெரியவரக்கூடும். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய், கடைசியில் நாலு பதார்த்தங்களில் வாழ்க்கையை அடைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எடை குறையும்போது அது நோயின் அபாய அறிகுறியா, பயத்தின் விளைவா என்று பிரித்தறிவது மருத்துவருக்கே கடினமாகிவிடும். விலக்கிய உணவை மூன்று நான்கு வாரம் கழித்துச் சிறிய அளவில் திரும்பச் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்தச் சோதனை பாதியிலேயே நின்றதாகத்தான் கொள்ள வேண்டும்.

செயல்சார் அசீரணம் ஆயுளைக் குறைப்பதில்லை, புற்றாக மாறுவதுமில்லை. சில மாதம் அடங்கியிருந்து, ஒரு காய்ச்சலுக்குப் பிறகோ நெருக்கடியான காலத்திலோ திரும்பத் தலைகாட்டுவது அதன் இயல்பு. திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் எண்டோஸ்கோபி தேவையில்லை. அடுத்தடுத்து எடுத்த அறிக்கைகள் தரும் நிம்மதி சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை என்பதைப் பல நோயாளிகள் தம் அனுபவத்திலேயே கண்டிருப்பார்கள். அதே வலி, அதே இடம், அதே நேரம் என்றால் முன்பு பயன் தந்த வழியையே மறுபடி தொடங்கலாம். வலியின் தன்மை மாறினாலோ, இரவில் தூக்கத்தைக் கலைக்கத் தொடங்கினாலோ, எடையும் சேர்ந்து இறங்கினாலோ பழைய அறிக்கையை நம்பியிருக்காமல் புதிதாகப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.